சுண்டிப் பார்க்காத சட்டி

என் மனைவி எதையும் சுண்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். தேங்காய், தர்ப்பூசணி, மண்பானையெல்லாம் ஊரே சுண்டுவதுதான். இவள் தரைக்குப் போடும் டைல்ஸைச் சுண்டினாள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுண்டினாள், உத்தமபாளையத்தில் ஒரு கடையில் பீரோவைச் சுண்டிவிட்டுக் கடைக்காரர் காதில் விழும்படி “தகரம்” என்றாள். நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கி, தலையைச் சாய்த்து, ஒரே சுண்டு. தீர்ப்பு வந்துவிடும். அப்பீல் கிடையாது. பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னைச் சுண்டாமல் விட்டதற்குக் கூடத்தில் இருந்த கூட்டம்தான் காரணம் என்று நெடுநாளாக நம்பிவருகிறேன்.

அப்படிப்பட்டவள் போன சித்திரையில் ஒரு சட்டியைச் சுண்டாமல் விட்டாள். அது நான் செய்த சட்டி.

மண்பாண்டம் செய்வது எனக்குக் குலத்தொழில் இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த வியாதி. அனுமந்தன்பட்டியில் வீடு கட்டும்போது, வரப்போகிற காருக்கென்று பக்கவாட்டில் ஒரு ஷெட் போட்டோம். கார் வரவில்லை, மண் வந்தது. அதன் பின்னாலேயே மின்சாரத்தில் சுற்றும் சக்கரமும் மின்சூளையும் வந்தன. குமுளிப் பக்கம் வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறவர்கள் என்னிடம் காப்பிக் கோப்பை வாங்குகிறார்கள். ‘கையால் செய்தது’ என்று அட்டை எழுதி வைக்கிறார்கள். பாதி வேலையைச் சக்கரம் பார்க்கிறது என்பதை நானும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

அந்தச் சட்டிக்கு முந்தின வருஷம் என் வலது தோள் உறைந்துபோனது. தேனியில் டாக்டர் அதற்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று பெயர் சொன்னார். சித்திரை வெயிலில் கம்பம் பள்ளத்தாக்கிலேயே உறைந்திருந்த ஒரே பொருள் அதுதான். சட்டை போட முடியாது, முதுகு சொறிய முடியாது. சக்கரத்தில் மண்ணை வைத்து நடுவுக்குக் கொண்டுவர இரண்டு தோளாலும் அழுத்தியாக வேண்டும்; அழுத்தினால் கண்ணில் பூச்சி பறந்தது. சக்கரத்துக்கு உறை போட்டேன். கொஞ்ச நாளில் அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள் வந்து உட்கார்ந்தன. நம் வீடுகளில் ஒரு சாமான் ஓய்வு பெற்றதற்கு அதுதான் அத்தாட்சி.

மாதக்கணக்கில் பிசியோதெரபி. ஒருநாள் காலையில் பனியன் எடுக்கப் போன கை, நான் சொல்லாமலே அலமாரியின் மேல்தட்டுவரை போனது. நான் பிசியோதெரபிக்காரரை நன்றியோடு நினைத்தேன். மனைவி கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். வீரபாண்டிக் கோயில் ஆத்தாளுக்கு நேர்ந்திருந்தாளாம். என் கை மேலே போனால் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக.

மண்சட்டிக்குள் விறகை மூட்டி, எரிய எரிய இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு கோயில்வரை நடப்பது அது. சட்டிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருப்பது ஒரு கொத்து வேப்பிலையும், சட்டி செய்தவனின் யோக்கியதையும்தான்.

கோயில் பாதையில் சட்டி விற்பார்களே, ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

“இல்லங்க. சட்டி நீங்க செஞ்சதா இருக்கணும்னு சேத்துத்தான் நேந்திருக்கேன். கை சரியாப் போச்சுன்னு ஆத்தாளுக்குத் தெரிய வேணாமா?”

இருபது வருஷமாகத் தாலுகா ஆபீசில் இருக்கிறவள். வேண்டுதலைக்கூட நிபந்தனைகளோடுதான் போடுவாள், ஆதார நகல் இணைத்து.

சக்கரத்தில் உட்காரக்கூடாது என்று பிசியோதெரபிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது வெறும் கை. பயிற்சி வகுப்பின் முதல் வாரத்தில் சொல்லித்தருவார்களே, மண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கை கொடுத்து, வெளியே மரக்கட்டையால் தட்டித் தட்டிச் சுவர் எழுப்புவது, அது. பதினைந்து வருஷமாக அதை நான் தொட்டதில்லை. தொடாததற்குக் காரணம் கேட்டால், சக்கரத்தில் வேகம் அதிகம் என்பேன். கையால் செய்யும்போது சட்டி கோணினால் பழிபோடப் பக்கத்தில் ஒரு மோட்டார் இருக்காது என்பதுதான் உண்மை.

கண்மாய் மண்ணை ஊறவைத்து, சலித்து, மணல் கலந்தேன். முதல்நாள் திரிகள் பாதியில் அறுந்தன. இரண்டாம் நாள் சுவர் ஒரு பக்கம் படுத்துவிட்டது. நான்காம் நாள் ஒரு சட்டி எழுந்தது. அகன்ற வாய், உருண்ட அடி, இரண்டு உள்ளங்கைக்கும் பாந்தமாக உட்காருகிற வயிறு. ஷெட்டில் வேறு யாரும் இல்லாததால், நன்றாக இருக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் சட்டி முக்கால்வாசி இறுகியிருந்தபோது, என் முத்திரையை எடுத்து அடியில் அழுத்தினேன். தேக்குக் கட்டையில் நானே செதுக்கியது, என் பெயரின் முதல் எழுத்தும் அதற்கு மேலே மலைபோல ஒரு கோடும். கோப்பைகளுக்கெல்லாம் போடுவேன். மண் கொஞ்சம் இறுகிவிட்டிருந்ததால் சரியாகப் பதியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். தோள்கூட வலிக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

இதற்கிடையில் கோயிலில் திருவிழாவுக்கான கம்பம் நட்டாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில சொற்களுக்குத் தடை வந்தது. விளக்கு அணைந்தது என்று சொல்லக்கூடாது, மலையேறியது என்று சொல்ல வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளது. இவள் இன்னொன்றும் சேர்த்தாள். சட்டி விஷயத்தில் ‘உடைஞ்சது’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிருச்சு’ என்கிறோமில்லையா, அப்படித்தான் சொல்ல வேண்டும். என் தொழிலில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது கஷ்டம் என்றேன். இங்கிலீஷில் ‘கிராக்’ என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

“வெள்ளைக்காரன் காலத்துலருந்து மனு வாங்குறவ ஆத்தா. அவளுக்கு இங்கிலீசு தெரியாதுன்னு நெனச்சீகளா?” என்றாள்.

அவள் சட்டி எடுக்க வேண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. சரியாக அதற்கு முந்தைய செவ்வாய் காலையில், அவள் ஆபீசுக்குப் போன பிறகு, ஆறிய சூளையைத் திறந்தேன். சட்டி செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்தேன். சுற்றிப் பார்த்தேன், குறையில்லை. திருப்பி அடியைப் பார்த்தேன். என் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு வால் முளைத்திருந்தது. தலைமுடி அளவு கோடு. எழுத்தின் காலில் புறப்பட்டு, மலையைத் தாண்டி, வயிற்றை நோக்கி இரண்டு விரற்கடை தூரம் போயிருந்தது.

சுண்டினேன். ‘டொக்’.

இன்னொரு பக்கம் சுண்டினேன். ‘டொக்’. நல்ல சட்டி ‘ணங்’ என்று சொல்லும். இது அழுகின தேங்காய் மாதிரி பதில் சொன்னது. உள்ளே தீ ஏறினால் அந்தக் கோடு நீளும். எவ்வளவு நீளும், எந்த இடத்தில் நீளும், கோயில் வாசலிலா, கூட்டத்துக்கு நடுவிலா என்பதுதான் தெரியாது. அடியில் அவள் கை இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

யோக்கியமானவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரபாண்டிப் பாதைக்குப் போனேன். கடைச் சட்டி ஒன்றை வாங்கி, முத்திரை இல்லாமலே இது நான் செய்தது என்று சொல்லிவிடுவது திட்டம். விற்கிற அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிக் காட்டினார். எல்லாம் கோயில் மணி மாதிரி பேசின. அதுதான் சிக்கல். அவ்வளவு ஒழுங்கான வாய், அவ்வளவு சீரான சுவர். இது என் கையில் வந்தது என்றால் என் மனைவி மட்டுமில்லை, எங்கள் தெரு நாய்கூட நம்பாது. வெறுங்கையோடு திரும்பினேன். இத்தனை வருஷத் தொழிலில், என் திறமைக்குறைவு என்னை ஒரு மோசடியிலிருந்து காப்பாற்றியது அன்றைக்குத்தான்.

அன்று மாலை அவள் வந்ததும் நேராக ஷெட்டுக்குள் போனாள். நான் அடுப்படியில் காப்பி போடுகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சுண்டுகிற சத்தம் வரும், அவளே தெரிந்துகொள்வாள், நான் சொல்ல வேண்டியிருக்காது. பால் பொங்கி வழிந்தது. சத்தம் வரவில்லை. அவள் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, மஞ்சள் துணி விரித்துச் சாமி அலமாரியில் வைத்தாள். குங்குமம் வைத்தாள். நல்லாருக்கு என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு டீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், செவ்வாய் தவறாமல் எங்கள் வீட்டுக் கூழையும் ருசி பார்க்கிறவர். சட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கினார்.

நான் எப்படி நடுவில் வந்தேன் என்று தெரியவில்லை. “டீச்சர், விரதச் சட்டி, மத்தவுக தொடக்கூடாதாம்” என்றேன். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது.

டீச்சர் கையை மெல்ல இறக்கினார். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்ற கண். “தொடக்கூடாதா, சுண்டக்கூடாதா தம்பி?” என்று கேட்டார். நான் மோர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, “பாவம், கை அவளோடது” என்றார். பொதுவாகச் சொன்னது போலத்தான் சொன்னார்.

அன்று மாலைவரை நான் அலமாரிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். பொய்யின் தத்துவம் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். கால் கழுவிவிட்டு, சட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். எடை பழகுகிறாளாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அடியில் இருந்த அந்தக் கோடு என் கண் உயரத்தில் போனது. அவளுடைய இடது கை மோதிரவிரல் சரியாக அதன்மேல் இருந்தது.

“சுண்டிப் பாரு” என்றேன்.

“எதுக்கு?” நடையை நிறுத்தவில்லை. “நீங்க செஞ்சதுதான?”

“அதனாலதான் சொல்றேன். சுண்டிப் பாரு.”

நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து, ஒரே சுண்டு. மின்விசிறி சத்தத்திலும் கேட்டது. அவள் மறுபடி சுண்டவில்லை. சட்டியைத் திருப்பினாள். விரலால் கோட்டைத் தொட்டு, அது புறப்பட்ட இடத்துக்கு வந்தாள்.

“இது என்ன?”

“என்னோட முத்திரை.”

“ஆத்தாளுக்குக் குடுக்குற சட்டியில உங்க பேர எதுக்குப் போட்டீக?”

பதினைந்து வருஷமாகக் கலையைப் பற்றி மேடையில் என்னென்னவோ பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருமுறையும் வந்ததில்லை. பழக்கம், என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டாள். நேற்றுக் காலை, என்றேன். நேற்றுக் காலையா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், சட்டியில் ஏதோ ஒட்டியிருந்தது போல.

நான், கடையில் வாங்கிவிடலாம், ஆத்தாள் கோபிக்கமாட்டாள், அடுத்த வருஷம் நான் செய்ததை எடுக்கலாம், என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் சட்டியை மறுபடி பார்த்தாள்.

“பெருகிருச்சு” என்றாள், சொல்லக்கூடாததைச் சொல்லாமல். பிறகு மேஜையைக் காட்டினாள். “பெருகிருச்சுன்னா ரெண்டாகியிருக்கணும்ல? ஒன்னுதான இங்கன இருக்கு. இன்னொன்னு எங்க?”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரிக்கப் போனேன். அவள் சிரிக்கவில்லை. தாலுகா ஆபீசில் நிலுவைக் கோப்பைக் கேட்கிற குரல் அது. செவ்வாய்க்கு இடையில் ஐந்து நாள் இருந்தது.

வியாழன் விடிந்ததும் மண் பிசைந்தேன். இந்தமுறை மணல் அதிகம், கொஞ்சம் உமித்தூளும். சீக்கிரம் காய வேண்டும், தீயைத் தாங்க வேண்டும், இரண்டையும் தவிர சட்டியிடம் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. திரி உருட்டி, ஒட்டுகிற இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி அடுக்கினேன். தட்டும்போது ஒவ்வொரு தட்டும் தோளில் போய் விழுந்தது. மதியத்துக்குள் வலி பல்லுக்கு வந்துவிட்டது. நிறுத்தினால் மண் இறுகிவிடும்; அப்புறம் ஒட்டு ஒட்டாது. வலது கை தட்ட மறுத்தபோது இடது கைக்குக் கட்டையை மாற்றினேன். அதனால் சட்டியின் ஒரு பக்கம் கொஞ்சம் புஜம்போலப் புடைத்துவிட்டது. சரிசெய்ய நேரமில்லை.

வெள்ளிக்கிழமை நிழலில் வைத்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேற்கே மலை கறுத்தது. பள்ளத்தாக்கில் கோடைமழை வேண்டும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வேண்டாமாக இருந்தது. பெரும்பான்மைக்கே வெற்றி. ஷெட்டுக்குள் ஈரக்காற்று புகுந்தது. ஈரம் உள்ளே இருக்கச் சூளையில் வைத்தால் சட்டி வெடித்துவிடும். அவள் சட்டியைப் பலகையோடு தூக்கிவந்து, வீட்டிலேயே சூடான இடமான இன்வெர்ட்டர் பெட்டிமேல் வைத்தாள். புதனுக்குப் பிறகு அவள் என்னிடம் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பாள். அதில் மூன்று “திருப்பி வைங்க, காயட்டும்.”

மணிக்கொரு தரம் சட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஞாயிறு மாலை நான் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் கை நீட்டி வாங்கித் தன் கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள். திங்கள் காலையில் சூளை ஏறியது. நான் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெடிச்சத்தம் கேட்கிறதா என்று நாள் முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ கல்யாண வீட்டுக்காரர்கள் சரம் கொளுத்தினார்கள். ஸ்டூலிலிருந்து விழுந்தேன்.

செவ்வாய் காலை சூளையை அவளே திறந்தாள். குளித்து, மஞ்சள் புடவையில் இருந்தாள். சட்டி பழுப்பும் சிவப்புமாக, ஒரு பக்கம் புஜத்தோடு, என்னை மாதிரியே இருந்தது. திருப்பினாள். அடி மொழுமொழுவென்று, எழுத்தில்லாமல் இருந்தது.

சுண்டினாள்.

‘ணங்’.

இன்னொரு இடத்தில் சுண்டினாள். புஜத்தின் பக்கம் ஒருமுறை. அப்புறம் வாய்விளிம்பில் ஒருமுறை. ஒரே சுண்டில் தீர்ப்புச் சொல்கிறவள் நான்கு சுண்டு சுண்டினாள். எனக்குக் கிடைத்த தண்டனை அது என்று புரிந்தது. அப்பீல் கிடையாது.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் தீ மூட்டி அவள் கையில் கொடுத்தார்கள். கொட்டு முழங்கியது, கூட்டம் நெருக்கியது, அனல் என் முகத்துக்கே அடித்தது. எல்லோரும் கோயிலைப் பார்த்து நடந்தார்கள். நான் சட்டியின் அடியைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்தேன். மணல் போட்டேனே, போதுமா? மூன்றாவது திரியை ஒட்டும்போது டீச்சர் கூப்பிட்டாரே, அங்கே சரியாகக் கீறினேனா? ஒரு பெண்ணின் சட்டியிலிருந்து கொள்ளி ஒன்று சரிந்து தரையில் விழுந்தபோது என் உயிர் போய் வந்தது. அது வேறு யாருடையதோ. கோபுரம் தெரிந்தது. அவள் முகம் வேர்வையில் மின்னியது, கண் எங்கோ இருந்தது. அந்த நேரத்தில் என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

தீயை இறக்கிவிட்டுப் பந்தலோரத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் முதலில் அவள் விரித்த உள்ளங்கைகளைத்தான் பார்த்தேன். சிவந்திருந்தன, கொப்புளம் இல்லை. இடது மோதிரவிரலை இன்னொருமுறை பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்தாள். நான் கீழே உட்காராமல் நிற்பதைப் பார்த்து,

“கையக் கீழ போடுங்க” என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கையும் என் நெஞ்சுக்கு மேலே, தோள் உயரத்தில், எதையோ ஏந்துகிற மாதிரி நீண்டிருந்தன.

“ஆத்தங்கரையிலருந்து அப்படியேதான் வந்தீக. சட்டிக்கு அடியில. நீங்க ஏந்திக்குவீகன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்.”

பிசியோதெரபிக்காரர் ஒரு வருஷமாகத் தூக்கவைக்கப் பார்த்த உயரம் அது. தூக்கியாயிற்று. கீழே இறக்கத்தான் முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், சாமி வந்திருக்கிறது என்று நினைத்து எனக்கு விபூதி பூசிவிட்டார்.